வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகும் நாய்க்குட்டியை வெளியே பழக்குவது எப்படி?

புதிதாக வந்த நாய்க்குட்டி நடுக்கூடத்தில் ஒண்ணுக்குப் போய்விட்டால், வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். திமிர் என்பார் ஒருவர். செல்லம் ஜாஸ்தி என்பார் இன்னொருவர். “நேத்து திட்டுனேன்ல, அதுக்குப் பழி வாங்குது” என்பார் அப்பத்தா. இரண்டு மாதக் குட்டிக்கு இதில் எதுவும் கிடையாது. அதன் மூத்திரப்பை சின்னது. அடக்கி வைக்கும் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. கூடத்து டைல்ஸுக்கும் கொல்லைப்புற மண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் அதற்குக் காட்டவும் இல்லை.

நான் பார்த்த வரையில் பழக்கவே முடியாத குட்டி என்று ஒன்று அபூர்வம். குட்டியின் மேல் கண் வைக்காத வீடுகள்தான் அதிகம். முதல் சில வாரங்கள் உள்ளே தவறு நடக்கவே வாய்ப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சாதிப்பதற்கான வழிகள்தான்.

முதலில் மூன்று நாள் குறித்து வையுங்கள்

வீட்டில் தினசரி காலண்டர் தொங்குமே, அதில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கி எழுந்தது, எங்கே போனது என்று நேரத்தோடு எழுதுங்கள். ஒரு நாள் காலைத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

6.10 – எழுந்தது. கட்டிலுக்கு அடியில் ஒண்ணுக்கு.
7.30 – சாப்பாடு. 7.45 – சமையலறை வாசலில் ரெண்டுக்கு.
9.00 – பந்து விளையாட்டு. பாதியில் நிறுத்திவிட்டு டிவி ஸ்டாண்டு பக்கம் ஒண்ணுக்கு.
9.20 – மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனோம். ஒன்றும் போகவில்லை. 9.30 – கீழே வந்ததும் சோபா ஓரம் ஒண்ணுக்கு.

இந்த நான்கு வரியிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாட்டுச் சூட்டில் என்று எல்லாக் குட்டிகளும் போகும் நேரங்கள் இவைதான். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் தானாக அசையத் தொடங்கும், மனிதக் குழந்தைக்கு ஆவதுபோலவே. கடைசி வரி வேறு சங்கதி. மாடியில் போகாமல் கீழே வந்து போவதுதான் எல்லோரையும் கடுப்பேற்றுவது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் உச்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருக்கும்போதுதான். விழித்து ஓடியாடும் குட்டியை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும்.

உடம்பில் கோளாறு இருக்கிறதா?

பழக்கத்தைக் குறை சொல்லும் முன் உடம்பைப் பாருங்கள். நம் ஊரில் குட்டி வந்ததும் முதலில் நீட்டுவது ஒரு கிண்ணம் பசும்பால். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். வயிற்றால் போகும் குட்டிக்கு எந்தப் பயிற்சியும் பலிக்காது. பாலையும், டீயில் நனைத்த பிஸ்கட்டையும் நிறுத்தினாலே சில வீடுகளில் பிரச்சினை பாதியாகிவிடும். குடல் புழுவும் இதே வேலையைச் செய்யும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

சொட்டுச் சொட்டாக அடிக்கடி போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, தூங்கும்போது தானாகக் கசிவது, திடீரென்று தண்ணீரை மடமடவென்று குடிப்பது. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூத்திரப்பையில் கிருமித் தொற்று இருக்கலாம். கசிவு பிறவிக் குறையாகவும் இருக்கலாம். மதுரையில் தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. போகும்போது காலையில் பிடித்த சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் சேர்த்துவிடுங்கள். கூடவே அந்தக் காலண்டர் தாள்களையும் கொண்டுபோங்கள். “அடிக்கடி போகுது டாக்டர்” என்பதைவிட அது நன்றாகப் பேசும்.

பழைய வாடையைப் போக்குவது

குட்டி மூக்கால் யோசிக்கிற பிராணி. ஒருமுறை போன இடம் அதற்குக் கழிப்பறை. பினாயில் ஊற்றித் துடைத்தால் நமக்கு வாடை போய்விடும், அதற்குப் போகாது. கருப்பு பினாயில் இருக்கிற வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. துடைத்த ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கும் குட்டிக்கு அது நஞ்சு. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கிற வாயு கிளம்பும்.

சரி, எப்படித் துடைப்பது? முதலில் பழைய துணியாலோ செய்தித்தாளாலோ ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை, அதாவது மூத்திரக் கறையைச் சிதைத்து வாடையைப் போக்கும் திரவத்தைத் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை அப்படியே ஊறவிடுங்கள். மேலே பினாயில் போட்டால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம். கிளீனர் கிடைக்காவிட்டால், சரிபாதித் தண்ணீர் கலந்த வினிகரால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அது டைல்ஸுக்கு மட்டும்தான். பழைய வீடுகளில் இருக்கும் மொசைக், மார்பிள், கடப்பா கல் எல்லாம் சுண்ணாம்பு வகை. வினிகர் பட்டால் பளபளப்பு போய்விடும். வாடகை வீடென்றால் ஓனருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டைல்ஸுக்கு இடையில் இருக்கும் கோடுகளை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் ஊறி நிற்கும். மிதியடி, பாய், கம்பளம் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குச் சுருட்டி மேலே வையுங்கள். மெத்தென்று இருப்பதும் உறிஞ்சுவதும் குட்டிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எந்த இடம்?

வீட்டுக்கு வீடு மாறுவது இதுதான்.

திருநகர், நாகமலைப் பக்கம் கொல்லையோடு தனி வீடு இருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே கதவு வழியாக அங்கேயே கொண்டுபோங்கள். இன்றைக்கு வேப்பமரத்தடி, நாளைக்குத் துணி துவைக்கிற கல் பக்கம் என்று மாற்ற வேண்டாம்.

அடுக்குமாடியிலும் மாடி வீட்டிலும் இருப்பவர்கள், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில் மண்ணோ மணலோ போட்டு வைக்கலாம். நாட்டு நாய்க் குட்டியோ, கிராமத்தில் மண்தரையில் வளர்ந்த சிப்பிப்பாறை, கன்னிக் குட்டியோ என்றால் மண்ணைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும். எட்டு ஒன்பது வார வயதில் காலுக்கு அடியில் என்ன தரை இருந்ததோ, அதையே குட்டி தேடும். கடையில் கம்பிக் கூண்டுக்குள்ளேயே இருந்து, தன் கழிவிலேயே படுத்துப் பழகிய குட்டிகளுக்கு இந்த உணர்வு மழுங்கியிருக்கும். அவற்றுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

மாடி என்றால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கத்திரி வெயிலில் மதுரை மொட்டை மாடித் தளம் பகல் பதினொரு மணிக்கெல்லாம் தோசைக்கல். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. கால் சுட்ட இடத்துக்கு அது மறுபடி வர மறுக்கும். ட்ரேயை மாடிப்படி நிழலுக்கு நகர்த்துங்கள்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் வாசல் திறந்தால் நேரே தெருதான். தடுப்பூசி முழுதாக முடியும் வரை தெரு வேண்டாம். பார்வோ என்கிற வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய்கள் போன இடத்தை மோந்தாலே தொற்றிக்கொள்ளும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதுவரை முற்றமோ மாடியோதான். ஊசி முடிந்து தெருவில் இறக்கும்போது, எதிர்வீட்டு அக்கா வெள்ளனே எழுந்து போட்ட கோலத்தில் உங்கள் குட்டி உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும். தூக்கிக்கொண்டே போய்த் தள்ளி இறக்குங்கள். பழைய பேப்பர் ஒன்று கையில் இருக்கட்டும். ரெண்டுக்குப் போனால் அள்ளிக் குப்பையில் போட வேண்டியது நம் வேலை.

பாத்ரூமில் பழக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாடி ஏற முடியாத வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு வேறு வழியில்லை, செய்யலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். அங்கேயும் டைல்ஸ், கூடத்திலும் டைல்ஸ். எல்லை எங்கே என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? செய்தித்தாள் விரிப்பதும் அப்படித்தான். பேப்பரில் பழகிய குட்டி, தாத்தா படித்துக் கீழே போட்ட பேப்பரையும் விட்டுவைக்காது.

நேரம் தவறாத சாப்பாடு

உள்ளே போவது நேரத்துக்கு என்றால் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. கிண்ணத்தை வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி. நாள் முழுக்கச் சோறு கிடந்தால் நாள் முழுக்கத் துடைக்க வேண்டியிருக்கும். நாம் சாப்பிடும்போது ஆளுக்கொரு வாய் போடுவதையும் நிறுத்தினால்தான் கணக்கு நிற்கும். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் வெக்கையில் அது உயிருக்கே ஆபத்து. இரவு படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்து வைத்தால் போதும், அதுவும் புழுக்கமான இரவென்றால் வேண்டாம்.

கண் அல்லது கூண்டு

விழித்திருக்கும் குட்டி உங்கள் கண்ணில் இருக்க வேண்டும். முடியாதபோது சின்ன இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வீடு முழுக்க அங்கிட்டும் இங்கிட்டும் ஓடவிட்டுவிட்டு, போன பிறகு திட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

ஒரு லேசான கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டி, மறுமுனையை உங்கள் இடுப்பிலோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலோ கட்டிக்கொள்ளுங்கள். காய் நறுக்கும்போதும் குட்டி பக்கத்திலேயே இருக்கும். தரையை மோந்துகொண்டே வட்டமடிப்பது, விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு விலகுவது, சோபாவுக்குப் பின்னால் நழுவுவது. இவை தெரிந்த நொடியில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

கூண்டு வாங்கினால், குட்டி எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய கூண்டு வாங்கினால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். வளரும் குட்டிக்காகப் பெரிதாக வாங்கியிருந்தால் நடுவில் தடுப்பு வையுங்கள். கூண்டை ஃபேன் காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும். தண்டனைக்கு அதில் அடைக்கக் கூடாது. கூண்டு வேண்டாம் என்பவர்கள், சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையைப் பலகையால் மறித்தாலும் போதும்.

கணவன் மனைவி இருவரும் காலையில் கிளம்பி மாலையில்தான் திரும்புகிறீர்கள், வீட்டில் வேறு ஆளில்லை என்றால், இரண்டு மாதக் குட்டியால் அவ்வளவு நேரம் அடக்கவே முடியாது. மறித்த இடத்தில் ஒரு ஓரம் மண் ட்ரே வைத்து, நடுவில் வந்து பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாதென்றால் குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவதோ, வளர்ந்த நாயை எடுத்து வளர்ப்பதோ நல்லது.

வெளியே போனதும் என்ன செய்வது?

சொந்தக் கொல்லை என்றாலும் கயிறு போட்டே கொண்டுபோங்கள். அந்த மூலைக்குப் போனதும் கம்பம் மாதிரி அசையாமல் நில்லுங்கள். கொஞ்சாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள். “ஒண்ணுக்கு” என்றோ “உச்சா” என்றோ ஒரே வார்த்தையை ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும். குட்டி போய் முடித்த அந்த நொடியிலேயே “சபாஷ்” என்று சொல்லி, வேகவைத்த கோழியிலோ ஈரலிலோ கடுகத்தனை ஒரு துணுக்கு அங்கேயே கொடுங்கள். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் தீனி என்று அது புரிந்துகொள்ளும். போய்க்கொண்டிருக்கும்போதே பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். மிச்சம் வீட்டுக்குள் வரும்.

முடித்ததும் உடனே உள்ளே இழுத்து வராமல் கொஞ்சம் விளையாட விடுங்கள். போனவுடன் வேடிக்கை முடிந்துவிடும் என்று தெரிந்தால், கெட்டிக்காரக் குட்டி அடக்கிக்கொண்டு நேரத்தைக் கடத்தும்.

இப்போது அந்த மாடிப் பிரச்சினைக்கு வருவோம். பத்து நிமிடம் நின்றும் போகவில்லையா? உள்ளே கூட்டி வந்து கூண்டிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், தரையில் விடாதீர்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். அப்போதும் இல்லையென்றால் மறுபடி மடி, மறுபடி மாடி. கால் வலிக்கும்தான். ஆனால் வெளியே போகாத குட்டிக்கு உள்ளே சுதந்திரம் கிடையாது என்ற இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே, ‘கீழே வந்து போகிற’ வழக்கம் உடையும். இதைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உள்ளே போய்விட்டால்

போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால், லேசாக ஒரு கைதட்டு. நின்றதும் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். அங்கே மிச்சத்தைப் போனால் பாராட்டு உண்டு. போய் முடித்ததை அப்புறம் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு துடையுங்கள், அவ்வளவுதான். மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது நம் பக்கம் பரம்பரையாக வரும் வைத்தியம். குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்வது, இவர்கள் கண்முன் போனால் ஆபத்து என்பதை மட்டும்தான். அப்புறம் திவானுக்கு அடியில் போகும், வெளியே உங்கள் எதிரில் போகவும் பயப்படும். “தப்பு செஞ்சது தெரிஞ்சுதான் தலையைத் தொங்கப் போடுது” என்பார்கள். அது உங்கள் குரலுக்கும் முகத்துக்கும் பயந்து செய்வது.

வாசலில் ஆள் வந்ததும், நீங்கள் குனிந்து தொட்டதும் நாலு சொட்டு விடுகிறதா? அது வேறு. பயத்திலோ சந்தோஷத்திலோ தானாக வருவது, பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். வந்தவுடன் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அது அடங்கிய பின் பக்கவாட்டில் உட்கார்ந்து நெஞ்சுப் பக்கம் தடவுங்கள். திட்டினால் கூடும்.

இரவு, மழை, வெடி

கூண்டையோ படுக்கையையோ உங்கள் கட்டில் பக்கத்தில் வையுங்கள், முனகல் கேட்க வேண்டும். படுக்கப்போகும் முன் ஒருமுறை வெளியே. இரண்டு மாதக் குட்டிக்கு நடு இரவில் ஒன்றிரண்டு முறை அலாரம் வைத்து எழ வேண்டியிருக்கும். பெரிய விளக்கைப் போடாமல், பேச்சில்லாமல், போய்விட்டு வந்து படுக்க வைத்துவிடுங்கள். கொஞ்சினால் அதற்கு அது விளையாட்டு நேரமாகிவிடும். அலாரத்தை வாரத்துக்குக் கால் மணி, அரை மணி என்று தள்ளிக்கொண்டே போங்கள்.

ஐப்பசி மழையில் பல குட்டிகள் காலை நனைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சன்ஷேடு அடியிலோ குடைக்குக் கீழோ நின்று, போனதும் வழக்கத்தைவிடப் பெரிய துண்டாகக் கொடுங்கள். தீபாவளி வெடிக்கும், சித்திரைத் திருவிழா வேட்டுச் சத்தத்துக்கும் மிரண்ட குட்டி வெளியே வராது. அந்த நாட்களில் சத்தம் கிளம்பும் முன்பே வேலையை முடித்துவிடுவதுதான் வழி. அப்படி இரண்டு நாள் கெட்டுப்போனால் பயிற்சியே வீண் என்று நினைக்க வேண்டாம். திரும்ப ஆரம்பக் கால அட்டவணைக்குப் போனால் சீக்கிரம் மீண்டுவிடும்.

எப்போது விடலாம்?

பெரும்பாலான குட்டிகள் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஓரளவு தேறிவிடும். பொமேரனியன், பக் மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். இரண்டு வாரம் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள். அது சரியாகப் போனால் அடுத்த அறை. ஒரே நாளில் வீடு முழுக்கத் திறந்துவிட்டால் ஆள் புழங்காத அறையைத்தான் தேடிப் போகும். பூஜை அறை கடைசியாகவே திறக்கட்டும்.

ஆறு ஏழு மாதத்தில் ஆண் குட்டி காலைத் தூக்கிக் கதவோரத்தில், பீரோ முனையில் கொஞ்சமாக அடிக்க ஆரம்பித்தால், அது மறதி இல்லை, எல்லை குறிப்பது. அந்த இடங்களை என்சைம் கிளீனரால் கழுவி, கொஞ்ச நாள் கயிற்றோடு வைத்திருங்கள். கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், பல நாய்களுக்கு இது குறையும்.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று வையுங்கள். தன் வீட்டில் கற்றதை அடுத்த வீட்டிலும் பொருத்திப் பார்க்க நாய்க்குத் தெரியாது. காரிலிருந்து இறங்கியதும் நேரே உள்ளே போகாமல், முதலில் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் அந்த வார்த்தையைச் சொல்லி நில்லுங்கள். போன பிறகு உள்ளே கூட்டிப்போங்கள், அன்று முழுக்கக் கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.